என் நங்கூரத்தோடு ஆறு வருடம்

ஒன்பதரை மீட்டர் பாய்மரப் படகு, ஆறாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது. விடுமுறை கிடைத்தால் காலையில் கிளம்புவோம். நாலைந்து மணி நேரம் பாய் விரித்து ஓடிவிட்டு, மதியத்துக்கு மேல் ஆளில்லாத சிறு குடா ஒன்றில் நங்கூரம் போட்டு இரவு தங்குவோம். பாயைப் பற்றியும் எஞ்சினைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த இரவு நிம்மதியாகத் தூங்கவைப்பது 15 கிலோ நங்கூரமும், 8 மில்லிமீட்டர் சங்கிலி 40 மீட்டரும், அதன் கடைசியில் கட்டிய 30 மீட்டர் நைலான் கயிறும்தான்.

வாங்கும்போது எடையை மட்டும்தான் பார்த்தேன். கனம் இருந்தால் பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பு. ஆனால் நங்கூரம் தரையோடு கிடையாக இழுபடும்போதுதான் மண்ணுக்குள் புதைகிறது. இழுப்பு மேல்நோக்கித் திரும்பினால் பிடுங்கிக்கொள்ளும். அதனால்தான் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு சங்கிலி விடச் சொல்கிறார்கள். கயிறு என்றால் ஏழு மடங்கு.

இது இரண்டாவது வருடம்தான் எனக்கு உறைத்தது. தண்ணீர் 4 மீட்டர் ஆழம். 20 மீட்டர் சங்கிலி விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். சங்கிலி இறங்கும் அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர், ராத்திரி கடல் ஏறியது இன்னொரு மீட்டர். இரண்டையும் நான் சேர்க்கவே இல்லை. ஆறு மீட்டருக்குக் கணக்குப் போட்டு 30 மீட்டர் விட்டிருக்க வேண்டும். இரண்டு மணிக்குக் காற்று எழும்பி, படகு பாறைப் பக்கம் நகர ஆரம்பித்தது. ஜிபிஎஸ் அலாரம்தான் எழுப்பியது.

இப்போது அவசரப்படுவதே இல்லை. மணல் தரையாகப் பார்த்துப் போடுவேன். பாசி படர்ந்த இடத்தில் நங்கூரம் வழுக்கும், கடற்புல்லும் வேரோடு பெயர்ந்துவிடும். படகு மெதுவாகப் பின்னால் நகர நகரச் சங்கிலியை விடுவோம்; ஒரே இடத்தில் கொட்டினால் குவியலாகிச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினைப் பின்னோக்கிப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றுவேன். தம்பி அணியத்தில் வெறுங்காலைச் சங்கிலி மேல் வைத்து நிற்பான். கடகடவென்று பாதத்தில் அதிர்ந்தால் நங்கூரம் தரையில் இழுபடுகிறது என்று அர்த்தம். அதிர்வு நின்று சங்கிலி விறைத்ததும், "பிடிச்சிடுச்சுண்ணே" என்பான். அதைக் கேட்காமல் எஞ்சினை அணைப்பதில்லை. கரையில் ஒரு மரத்தையும் அதன் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் குறித்துக்கொண்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன்.

சங்கிலியில் தனியாக ஒரு நைலான் கயிற்றைக் கொக்கி போட்டு மாட்டி, மறுமுனையைப் படகில் கட்டி, இழுப்பை அதன் மேல் விடுவது மூன்றாம் வருடம் பழகியது. கயிறு நீண்டு கொடுப்பதால் அலையின் வெட்டு படகுக்கு வருவதில்லை, சங்கிலி உரசும் சத்தமும் உள்ளே கேட்பதில்லை. சின்னச் செலவு, பெரிய சுகம். இருட்டியதும் எல்லாத் திசைக்கும் தெரியும் வெள்ளை விளக்கை ஏற்றிவிடுவேன்.

குறை என்றால் துருதான். தரையில் உரசி உரசி முதல் பத்து மீட்டரில் துத்தநாகப் பூச்சு ஐந்தாம் வருடமே போய்விட்டது. சரி என்று சங்கிலியைத் தலைகீழாக மாற்றிப் போட்டேன். பத்து மீட்டருக்கு ஒன்றாக அடித்த பெயிண்ட் அடையாளம் வருடத்துக்கு ஒருமுறை அழிகிறது. இந்தத் தடவை பெயிண்டுக்குப் பதிலாக வண்ண நாடா கட்டியிருக்கிறேன், இருட்டில் கை வைத்தாலே எண்ண முடிகிறது.