கடலோரத்தில் கார்: நாமே பார்ப்பதா, மெக்கானிக்கிடம் விடுவதா?

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிப் பக்கம். வைத்திருப்பது சின்ன பெட்ரோல் கார். வாரன்டி முடிந்த பிறகு அதன் அன்றாடப் பராமரிப்பை நானே பார்த்துக்கொள்கிறேன். பெரிய வேலைக்குத்தான் மெக்கானிக்.

கூலி மிச்சமாகுமா என்றுதான் பலரும் முதலில் கேட்பார்கள். ஆகும், ஆனால் பெரிய தொகை இல்லை. ஃபில்டரை யார் மாற்றினாலும் விலை ஒன்றுதான். அந்தக் காசுக்காக மட்டும் என்றால் நான் இதில் இறங்கியிருக்கவே மாட்டேன்.

என்னை இந்தப் பக்கம் இழுத்தது துரு. பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று சர்வீஸ் கணக்கு. முட்டத்திலும் குளச்சலிலும் வீசுகிற உப்புக் காற்றுக்கு அந்தக் கணக்கு தெரியாது. வண்டி ஓடாமல் நின்றாலும் தகரத்தை அரிக்கும். போதாததற்கு நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை வண்டியைப் பார்க்கிறவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும், இடையில் அரித்ததை என்ன செய்ய முடியும்?

கதவின் அடி விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்னத் துவாரங்கள் இருக்கும். மணலும் சருகும் அதில் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் கதவுக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது காரியம் கைமீறியிருக்கும், அப்புறம் டிங்கர் வேலைதான். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவி அவ்வப்போது குத்திவிட்டால் போதும். மட்கார்டின் உட்புறத்தையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கடலோரத்தில் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் பலனில்லை. வாட்டர் சர்வீஸில் விடுவதானாலும் அங்கே என்ன தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் பொடியும் இப்படித்தான், சர்வீஸ் வரைக்கும் காத்திருக்காது. எஞ்சினை அணைத்துவிட்டு நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய டூத்பிரஷை நனைத்துத் தேய்த்து, நன்றாகத் துடைத்து, மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியாக மாட்டுங்கள். மேலே கொஞ்சம் வாசலின். ஏர் ஃபில்டர், வைப்பர், கூலன்ட் அளவெல்லாம் வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்தே செய்துவிடலாம்.

ஆயில் மாற்றுவதை மெக்கானிக்கிடமே விட்டுவிடுகிறேன். கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றினால் அது குளத்துக்குத்தான் போய்ச் சேரும். அதைச் சேர்த்துவைத்து எடுக்க ஆள் வருகிற வொர்க்‌ஷாப்தான் அதற்குச் சரியான இடம். பிரேக், ஸ்டியரிங், ஏசி கேஸ் மூன்றிலும் நான் கை வைப்பதே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். மாற்றும்போது குழாயில் புகுந்த காற்றைச் சரியாக வெளியேற்றாமல் (ஏர் எடுக்காமல்) விட்டால் பிரேக் பெடல் உள்ளே இறங்கிப் போகும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுப்பதும் வேண்டவே வேண்டாம்.

வாரன்டியில் இருக்கிற புது வண்டி என்றால் கம்பெனி சர்வீஸை விடாதீர்கள். விற்கும்போதும் அந்த ரெக்கார்டைத்தான் முதலில் கேட்பார்கள். டீசல் வண்டியில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். குலசேகரம் மாதிரி மலையோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புத் தொல்லை இல்லை. அங்கே நான் இருந்திருந்தால் வருடத்துக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.