ஆளைப் பார்த்து ஆசனம்: குன்னூரில் ஒரு யோக வகுப்பு

குன்னூர் சிம்ஸ் பூங்காவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு பழைய வீட்டின் மாடியில் நடைபெறும் இந்த யோக வகுப்பில் மழைக்காலம் தொடங்கிப் பயின்று வருகிறேன். மூட்டு வலியோடும் இரத்த அழுத்த மாத்திரையோடும் மலையில் வாழ்கிறவர்கள் நம்பிப் போகக்கூடிய இடம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆசிரியை இவ்வூர்க்காரர். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதிய காலத்தில் தீராத இடுப்பு வலி வந்து, முதலில் சேர்ந்த ஒரு வகுப்பில் எல்லாரையும் போல அவரையும் குனிய வைத்ததில் வலி கூடியிருக்கிறது. பிறகு சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி, யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியாரின் மரபில் வந்த ஆசிரியை ஒருவரிடம் தனியாகக் கற்றார். வலி குறைந்த பின்னும் படிப்பை விடாமல் பல ஆண்டுகள் தொடர்ந்து, அதன் பின்னரே கற்பிக்க ஊர் திரும்பினார். 1930களில் மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்கு விறுவிறுப்பான ஆசனத் தொடர்களைக் கற்பித்த கிருஷ்ணமாச்சாரியார், பின்னாளில் சென்னையில் குடியேறி, நோயாளிகளையும் முதியவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தவர். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தந்தையின் பெயரால் நிறுவிய யோக மந்திரம் இந்தப் பிற்கால முறையைத்தான் வளர்த்தெடுத்தது. ஆசனத்தின் தோற்றத்தைவிட மூச்சே அதில் முதன்மை.

முதல் நாள் ஆசனமே கிடையாது. தூக்கம், செரிமானம், செய்யும் வேலை, உட்கொள்ளும் மருந்து எல்லாவற்றையும் ஆசிரியை கேட்டுக்கொண்டு, கையை உயர்த்தச் சொல்லி, மூச்சு எங்கே தடைப்படுகிறது என்று பார்க்கிறார். அடுத்த முறை போகும்போது, கோட்டு உருவங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் மூச்சை இழுப்பதா விடுவதா என்று குறித்த ஒரு தாள் நமக்கென்று தயாராக இருக்கும். என் தாளில், நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனத்து உருவம் முழங்கால் மடித்தே குனிந்திருந்தது.

என் பக்கத்தில் பயிலும் அம்மா, கொழுந்துக் கூடையின் பட்டையை ஆண்டுக்கணக்கில் தலையில் மாட்டிச் சுமந்ததால் கழுத்து இறுகிப்போனவர். தோளில் உடலைத் தாங்கிக் காலை உயர்த்தும் சர்வாங்காசனம் அவருக்கு அறவே இல்லை. மல்லாந்து படுத்துக் கையை உயர்த்தி இறக்குவதே பெரும்பகுதிப் பயிற்சி. “அக்கா, மூச்சு உள்ள போக ஆரம்பிச்ச பிறகு கையைத் தூக்குங்க. மூச்சு முடியறதுக்கு முன்னாடி கை நின்னுடட்டும்” என்று தலைமாட்டில் உட்கார்ந்து, கை நடுங்குவது நிற்கும் வரை ஆசிரியை அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்ததைப் பார்த்தபோதுதான், இவரிடம் வந்தது சரி என்று எனக்கு உறுதிப்பட்டது.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கோவையிலிருந்து வந்து இறங்கியவருக்கு ஏற்றம் ஏறினாலே மூச்சு வாங்கும். அத்தகையவர்களுக்குப் பிராணாயாமத்தில் மூச்சை அடக்கும் பகுதியை அவர் தொடங்குவதே இல்லை. குளிரில் இறுகிய உடலை, கையும் முழங்காலும் ஊன்றிச் செய்யும் சக்ரவாகாசனம் போன்ற எளிய அசைவுகளால் நன்றாகச் சூடேற்றிய பிறகே மற்றவை. கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்களை மறுத்துவிடுகிறார். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குறைகளும் உண்டு. சிமெண்ட் தரையின் சில்லிப்பை அங்கே கொடுக்கும் மெல்லிய பாய் தடுப்பதில்லை. அசையாமல் மல்லாந்து படுத்திருக்கும் சவாசனத்துக்குப் போர்த்திக்கொள்ளக் கம்பளி எடுத்துச் செல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருப்பதால், முழங்கால் வலிக்காகவே வருகிறவர்கள் ஏறித் தவிக்கிறார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறையாவது அவர்களுக்கு ஏற்பாடு செய்தால் நல்லது. வியர்க்க வியர்க்கச் செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு இந்த வேகம் போதாமல் போகலாம்.

தனிப்பயிற்சி என்பதால் கட்டணம் கூட்டு வகுப்புகளைவிடக் கூடுதல். ஆனால் தாளை வாங்கிக்கொண்டு வீட்டில் செய்துவிட்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை வந்து மாற்றிக்கொள்ள அனுமதிக்கிறார். மே மாதச் சீசனில் சாலை நெரிசலால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. விடியற்காலை நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சந்திப்புக்கு மருத்துவச் சீட்டுகளைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அவற்றைப் பார்க்காமல் அவர் பயிற்சி எழுதித் தருவதில்லை.