ஹைலக்ஸின் கம்பெனி வீலில் 265/70 ஆர்17: பிஎஃப்குட்ரிச் கேஓ2 எப்படி?

17 அங்குல வீலோடு வந்த டொயோட்டா ஹைலக்ஸில், வீலையும் மாற்றாமல் பாடியையும் வெட்டாமல் போடக்கூடிய பெரிய டயர் 265/70 ஆர்17 (265 மி.மீ. அகலம், அதில் 70 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 17 அங்குல வீல்). அந்த அளவில் பலரும் பெயர் சொல்லிக் கேட்பது பிஎஃப்குட்ரிச் ஆல்-டெரெய்ன் கேஓ2. அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டயரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் கணக்கு. வண்டியோடு வரும் 265/65 ஆர்17-இன் விட்டம் 776 மி.மீ. 265/70-க்கு 803 மி.மீ. வித்தியாசம் 27 மி.மீ., அதாவது 3.4 சதவீதம். தரையிலிருந்து வண்டி உயர்வது அதில் பாதி, 13 மி.மீ. மட்டுமே, ஒரு சுண்டுவிரல் அகலம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் ஏதோ மலை ஏறிவிட்டதுபோல் தோன்றும், டேப் வைத்து அளந்தால் இவ்வளவுதான். டயரின் பெயரளவு அகலம் இரண்டிலும் 265 என்பதால் சஸ்பென்ஷனின் மேல் கைக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிதாகக் குறையாது. கம்பெனி வீல் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அதன் மாட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 30 மி.மீ. வீலின் உட்புறத்தில் 17x7½ஜே என்று பொறித்திருக்கும். இந்த டயருக்கு 7 முதல் 8.5 அங்குல ரிம் வரை அனுமதி உண்டு. டயர் நிறுவனங்கள் அகலத்தை 8 அங்குல ரிம்மில் அளந்து சொல்கின்றன. ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் ஏறக்குறைய 5 மி.மீ. ஒடுங்கும். கம்பெனி வீலில் அதுவும் நமக்குச் சாதகம்தான்.

"இதையே போடுறீங்க, 285/70 போட்டா கெத்தா இருக்குமே" என்று கடையில் சொல்வார்கள். விட்டம் 831 மி.மீ., 7 சதவீதம் அதிகம். 7.5 அங்குல ரிம் அந்த டயருக்கு அனுமதிக்கப்பட்டதிலேயே குறைந்த அளவு. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் முன்சக்கரம் வளைவின் பின்பக்கத்தில், பாடி மவுண்ட் (பாடியைச் சேசிஸோடு இணைக்கும் தாங்கி) ஓரத்தில் உரசும். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பிளாஸ்டிக்கை வெட்டுவது, சில வண்டிகளில் தகடையே தட்டி மடக்குவது என்று வேலை நீளும். அது தனிக் கதை.

265/70-இலும் உரசல் அறவே இருக்காது என்று எண்ண வேண்டாம். உரசினால் முன் மட் ஃப்ளாப்பின் உள் விளிம்பிலோ, சக்கர வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரின் கீழ்ப்பகுதியிலோதான் இருக்கும். அதுவும் முழுத் திருப்பத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போதோ, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் அழுந்தும்போதோ வரும். பழைய டயர் வண்டியில் இருக்கும்போதே இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயருக்கும் லைனருக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தை அளந்துகொள்ளுங்கள். 20 மி.மீ.-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. குறைவாக இருந்தால் லைனரின் கிளிப்பைக் கழற்றிச் சற்றுப் பின்னுக்கு இழுத்து மாட்டலாம். அலைன்மென்ட் செய்யும்போது கீழ்க் கையின் கேம் போல்ட்டைத் திருப்பி, கம்பெனி சொன்ன வரம்புக்குள்ளேயே கேஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால் ஸ்டியரிங் அச்சு பின்னால் சாயும் கோணம்) கூட்டச் சொன்னால் சக்கரம் சில மி.மீ. முன்னால் நகரும். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

மாட்டுகிற வேலையில் கோட்டைவிடும் இடங்கள் சில. பழைய டயரைக் கழற்றியதும் ரிம்மில் பீட் (டயரின் உள்விளிம்பு) உட்காரும் விளிம்பைப் பாருங்கள். அலுமினியம் பூத்து வெள்ளையாக இருந்தால் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் பஞ்சரே இல்லாமல் வாரம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறங்கும். வால்வைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். கேஓ2-இன் பக்கச்சுவர் தடிப்பானது, மெஷினில் ஏற்றும்போது முரண்டு பிடிக்கும். சோப்புக் குழம்பைத் தாராளமாகத் தடவ வேண்டும். 40 பிஎஸ்ஐ-க்குள் பீட் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கி மறுபடி தடவித்தான் முயல வேண்டும். மேலும் மேலும் காற்றை ஏற்றுவது ஆபத்து. வெள்ளை எழுத்து வெளியே வர வேண்டுமா உள்ளேயா என்பதை மாட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்தின் மேல் இருக்கும் நீலப் பூச்சு தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும்.

பேலன்சிங்கில் ஒரு சக்கரத்துக்கு 100 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால் ஒட்டிவிட்டுப் போக விடாதீர்கள். டயரை ரிம்மில் அரைச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொன்னால் பெரும்பாலும் குறையும். நட்டு கம்பெனி நட்டே சரி. அலாய் வீலுக்கு வாஷரோடு வரும் தட்டை நட்டு, இரும்பு வீலுக்குக் கூம்பு நட்டு. இரண்டையும் கலக்கக் கூடாது. ஏர் கன்னால் கடைசி இறுக்கு வேண்டாம். டார்க் ரெஞ்சில், எதிரெதிராக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எல்லாரும் தவறும் இடம் காற்று. இந்த அளவில் கேஓ2 எல்டி வகை, அதாவது சரக்கு வண்டிக்கான கட்டுமானம். பழைய 265/65-இன் 112 என்ற எண் 1,120 கிலோவைக் குறிக்கிறது. அதை அந்த டயர் 36 பிஎஸ்ஐ அளவிலேயே தாங்கும். எல்டி டயர் அதே 1,120 கிலோவைத் தாங்க 50 பிஎஸ்ஐ வேண்டும். கதவோரத்து ஸ்டிக்கரில் 29 என்று இருக்கிறதே என்று அதையே நிரப்பினால் ஓரங்கள் சீக்கிரம் தேயும், லோடு ஏற்றி வேகமாகப் போகும்போது டயர் கொதிக்கும். வெறும் வண்டிக்கு 36-இல் தொடங்குங்கள். டயரின் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேராகச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு. லோடு ஏற்றினால் நிறுவனத்தின் லோடு அட்டவணையைப் பார்த்துப் பின்சக்கரத்துக்குக் கூட்ட வேண்டும். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் எண் உச்சவரம்பு, நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

இதே அளவில் லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) சி, இ என இரண்டு உண்டு. சி-யில் 112/109, இ-யில் 121/118. சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் பின்பக்கம் இரட்டைச் சக்கர வண்டிக்கு. ஹைலக்ஸுக்கு சி போதும், எடையும் குறைவு. கடையில் இ மட்டுமே இருந்தால் சக்கரத்துக்குச் சில கிலோ கூடும். சின்ன மேடு பள்ளத்தில் பின்பக்கம் தூக்கிப்போடுவதிலும், சிக்னலில் கிளம்பும் மந்தத்திலும் அது தெரியும்.

கல்லும் முள்ளும் நிறைந்த பாதையில் இந்த டயர் வாங்கிய பெயர் பொய்யில்லை. பக்கச்சுவர் கூர்ங்கல்லுக்கு எளிதில் கிழியாது, 12 மி.மீ. ஆழப் பட்டை (ட்ரெட்) நிதானமாகத் தேயும். நனைந்த தார்ச் சாலையில் பிரேக் பிடிக்கும்போதுதான் இதன் பலவீனம் வெளிப்படுகிறது. ரோட்டு டயரைவிட வழுக்கும், முன்வண்டியிலிருந்து இன்னும் தள்ளிப் போக வேண்டும். மண் சேற்றில் பட்டை அடைத்துக்கொள்ளும். அந்த வேலைக்கு மட் டெரெய்ன் டயர்தான்.

மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 3.4 சதவீதம் வேகமாகப் போகிறீர்கள். கம்பெனி மீட்டர்கள் பெரும்பாலும் சற்றுக் கூட்டியே காட்டுவதால் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஓடோமீட்டர் குறைத்து எண்ணும்: அது 10,000 காட்டும்போது ஓடியது 10,340. மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புவதற்கு முன் இதைக் கணக்கில் சேருங்கள். சேர்த்தபிறகும் கொஞ்சம் விழுந்திருக்கும்.

ஸ்டெப்னியோடு ஐந்தாக வாங்குங்கள். பழைய 265/65 ஸ்டெப்னியைப் பின்சக்கரத்தில் மாட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். அந்த நிலையில் எச்4 (நான்கு சக்கர இழுப்பு) போட்டால் முன்னும் பின்னும் இழுபறியாகி கியர்பெட்டிக்குச் சுமை ஏறும்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. டயர் மாற்றியதை காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

லோடு ஏற்றிக் குவாரி, எஸ்டேட், காட்டுப் பாதை என்று ஓடுகிற ஹைலக்ஸுக்கு கேஓ2 சி ரேஞ்ச், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வாரம் முழுக்க நெடுஞ்சாலை, எப்போதாவது மண் ரோடு என்றால் இதே 265/70 ஆர்17-ஐ எல்டி அல்லாத ஆல்-டெரெய்னில் எடுங்கள்; யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 போன்றவை மழையில் நன்றாகப் பிடிக்கும், காற்றுக் கணக்கும் பழையதற்கு நெருக்கமாகவே இருக்கும். 2024-இல் கேஓ3 வந்துவிட்டதால் கடைகளில் கிடக்கும் கேஓ2 பழைய சரக்காக இருக்கலாம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற குறியின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2323 என்றால் 2023-இன் 23-ஆவது வாரம். இரண்டு ஆண்டு தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஐந்து டயரிலும் தனித்தனியே பார்க்க வேண்டும்.