ஒன்பது அடிக் கூரைக்குக் கீழே ஒரு குயிக்ஜாக்

ரொறன்ரோப் பக்கம் நம்மவர்கள் வாங்கும் வீடுகளில் பெரும்பாலானவற்றின் கராஜுக்கு, காரை இரு பக்கத் தூண்களால் தூக்கிப் பிடிக்கும் இரண்டு தூண் லிப்ட் சரிவராது. காரைத் தலைக்கு மேலே உயர்த்த வேண்டுமானால் கூரை பதினொரு, பன்னிரண்டு அடியாவது இருக்க வேண்டும். ஸ்காபரோவில் எங்கள் கராஜின் உயரம் ஒன்பது அடி. அதிலும் கதவு ஏறி ஓடும் தண்டவாளம் கூரையை ஒட்டியே போகிறது. தூண்களை இறுக்கும் போல்ட்டுகளுக்குக் குறைந்தது 4 அங்குலத் தடிப்புள்ள, வெடிப்பில்லாத கொங்கிறீற் தளம் வேண்டும். தனியாக 220 வோல்ட் மின் இணைப்பு, பொருத்துபவரின் கூலி என்று சேர்த்துப் பார்த்தால் மலிவு லிப்ட் மலிவாக இருக்காது. உயரமான கராஜ் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். லிப்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏஎல்ஐ அமைப்பின் தங்க முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கட்டும்.

நான்கு தூண் வகை ஒரு காருக்கு மேல் இன்னொன்றை நிறுத்திவைக்க நல்லது. கார் அதில் தன் சில்லுகளின் மீதே நிற்பதால், சில்லைக் கழற்ற இன்னொரு ஜாக் வாங்க வேண்டும். கத்தரி லிப்ட் இடுப்பளவு உயரும், ஆனால் அதன் இயந்திரமே காரின் நடு அடிப்பகுதியை மறைத்துவிடும்.

எனக்குத் தேவையானது பெரிய வேலைக்கான லிப்ட் அல்ல. நவம்பரில் பனிக்கால டயர் மாற்ற வேண்டும், ஏப்ரலில் திரும்ப மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம் பிரேக். இங்கே வீதியில் கொட்டும் உப்பு, பிரேக் கட்டைகளை அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கான பின்களைத் துருவேற்றி இறுக்கிவிடும். பின்பக்கப் பிரேக் கட்டை ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து இரும்புத் தட்டுவரை போய்விடும். ஆண்டுக்கு ஒரு முறை பின்களை உருவித் துடைத்து, கிறீஸ் பூசி மாட்டினால் போதும். கடையில் அதைச் செய்வதாகச் சொல்வார்கள். கழற்றிய அடையாளமே இல்லாமல் கார் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் குயிக்ஜாக் என்ற தாழ்வான சிறு லிப்டை வாங்கினேன்.

பென்ட்பாக் நிறுவனத்தின் தயாரிப்பு இது. இரண்டு நீளச் சட்டங்கள், ஒரு சிறிய ஹைட்ரோலிக் மோட்டார், இடையே குழாய்கள். நான் வாங்கிய வகை 5,000 இறாத்தல் தூக்கும். சட்டங்கள் படுத்திருக்கும்போது 3 அங்குல உயரம்தான். தாழ்ந்த சிவிக்கின் அடியிலும் நுழைகிறது. வீட்டின் சாதாரண பிளக்கில் மாட்டினால் காரை ஏறத்தாழ 21 அங்குலம் உயர்த்தும். நான்கு சில்லும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நிற்கும், நடுப்பகுதி முழுவதும் திறந்திருக்கும். நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது. பலகையில் படுத்துத்தான் செய்ய வேண்டும். கியர்பெட்டி இறக்க நினைப்பவர்களுக்கு இது போதாது.

ஹைட்ரோலிக் எண்ணெய் இதனுடன் வராது, தனியே வாங்கி ஊற்ற வேண்டும். குழாயில் காற்று இருக்கும்வரை ஒரு சட்டம் முந்தி ஏறும், மற்றது பிந்தும். பொறுமையாகக் காற்றை வெளியேற்றிய பிறகே காரை ஏற்ற வேண்டும். சட்டம் வளைவாக எழுவதால் காரும் சற்று நகரும். சுவரை ஒட்டி நிறுத்தக் கூடாது. ஜனவரிக் குளிரில் எண்ணெய் தடித்து, ஏற்றம் மந்தமாகிறது.

தம்பிமாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஹைட்ரோலிக் அழுத்தத்தை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். இதில் இரண்டு உயரங்களில் இரும்புப் பூட்டு விழும். இரண்டு சட்டத்திலும் பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்து, பாரத்தை அதன் மேல் இறக்கிய பின்னரே நான் கையை நீட்டுவேன். எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீல் ஒன்று கிழிந்தாலும் அந்தப் பூட்டு காரைத் தாங்கும். இந்த விலையில் அதை இவ்வளவு உறுதியாகச் செய்திருப்பதற்காகவே இதைப் பரிந்துரைக்கிறேன்.

வாங்குமுன் உங்கள் காரில் முன், பின் ஜாக் வைக்கும் புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள். சிவிக், கொரோலாவுக்கு இந்த வகை தாராளம். இப்போதைய சியன்னா வான் 4,500 இறாத்தலைத் தாண்டுகிறது, சில்லுகளுக்கு இடையிலான நீளமும் 3 மீட்டருக்கு மேல். வீட்டில் வான் இருந்தால் 7,000 இறாத்தல் வகையில், நீண்ட சட்டம் உள்ளதைப் பாருங்கள். காரின் ஓரத் தகடு நசுங்காமலிருக்கப் பிளவுள்ள ரப்பர் கட்டைகளையும் சேர்த்து வாங்குங்கள்; அவை தனி விலை.