பழைய டீசல் பிக்கப்: பம்பைக் கழற்ற முன் எந்தச் சோதனை?

காலையில் எவ்வளவு செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகாது; ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பை இருபது முப்பது தரம் அமத்தினால் உடனே பிடிக்கும். ஹைலக்ஸ் 2எல், 3எல் எஞ்சின்களில் இப்படியென்றால் பெரும்பாலும் லைனுக்குள் காற்று ஏறுகிறது. தாங்கிப் பக்கம் வேறு பம்ப் கிடையாது. நோசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ரோட்டரி பம்பே அதைத் தாங்கியிலிருந்து உறிஞ்சியும் எடுக்கிறது. அதனால் ஓடும்போது ஓட்டையால் டீசல் கசியாது, காற்றுத்தான் உள்ளே போகும். நிலத்தில் சொட்டு இல்லை என்று லைனை நம்பிவிடாதீர்கள்.

சோதிக்க இரண்டு வழி. ஒன்று, ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஓரடி நீளத்துக்கு உள்ளே தெரியும் ஹோஸ். போட்டவுடன் வரும் குமிழி சில நிமிடத்தில் நிற்கும், நிற்காவிட்டால் காற்று. சுருக்கமான வேலை. ஆனால் ஃபில்டர் அடைத்தாலும் உறிஞ்சல் கூடிக் குமிழி வரும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

மற்றது, வெளிக் கான். 5 லீற்றர் கானில் வடித்த டீசலை பம்பை விட உயரமாக, எக்ஸோஸ்டுக்கு விலத்தி வையுங்கள். பம்ப் இன்லெட்டுக்கு ஒரு ஹோஸ். ரிட்டேர்னும், அதாவது பம்பிலிருந்து மீதி டீசல் திரும்பும் லைனும், அதே கானுக்குள். ரிட்டேர்னைத் தாங்கிக்கே விட்டால் கான் வெறுமையாகிவிடும். நோசில் பைப் நட்டுகளை 17 சாவியால் இளக்கி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். பீச்சும் டீசலுக்குக் கையைக் கொடுக்க வேண்டாம், தோலைத் துளைக்கும். இரவு அப்படியே விடுங்கள். காலையில் ஒரே அடியில் பிடித்தால் பம்பிலும் நோசிலிலும் பெரும்பாலும் குறையில்லை. பிடிக்காவிட்டால் பம்பில் டீசலைத் திறந்து மூடும் மின் வால்வான கட்-ஆஃப் சொலினொய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா, ஹீட்டர் பிளக் சூடாகிறதா என்று பார்த்த பிறகே பம்ப் வேலைக்கு அனுப்புங்கள். பம்பைச் சுற்றி ஈரம் தெரிந்தால் சீல் போயிருக்கலாம்.

ஒரு இரவு போனாலும் கானைத்தான் முதலில் செய்ய வேண்டும். வீண் பம்ப் செலவைத் தடுப்பது அதுதான். ஹோஸ் அதன் பிறகு, காற்று ஏறும் இடத்தைத் தேட. ஃபில்டருக்கு முன் தெளிவு, பின் குமிழி என்றால் கைப்பம்பின் டயஃப்ரம் அல்லது ஃபில்டர் ரப்பர் வளையம். முன்னாலேயே குமிழி என்றால் தாங்கியிலிருந்து வரும் கீழ்ப் பைப். யாழ்ப்பாணத்தில் குருநகர், பருத்தித்துறைப் பக்கம் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகிய உப்புத்தண்ணி சேசிஸ் ஓரம் வடிந்து, பைப்பைக் கிளிப் பிடித்த இடத்திலேயே துரு தின்னும். கிளிப்பைக் கழற்றாமல் அது கண்ணில் படாது.

ஏ9 வீதியில் சுமையோடு போகையில் இழுவை விழுந்து, சற்று நிறுத்தி வைத்தால் மீள்வது வேறு கதை: ஃபில்டர் அல்லது தாங்கி வலை அடைப்பு.

திரும்பப் பூட்டும்போது ரிட்டேர்ன் போல்டில் 'அவுட்' என்று பொறித்திருக்கும், அதன் துளை சிறியது. இன்லெட் போல்டோடு மாற்றிப் பூட்டினால் நல்ல பம்பும் டீசல் கிடைக்காமல் திணறும்.