ரங்கூன் தெருவோரத் தண்ணீர்ப் பானை: ஒரு மதிப்பீடு

ரங்கூனில் காசு இல்லாமல், பேர் ஊர் சொல்லாமல், யாரையும் கூப்பிடாமல் கிடைக்கிற சேவை ஒன்று உண்டு. வீட்டு வாசலிலோ மரத்தடியிலோ மடத்துச் சுவரோரமோ, கால் ஊன்றிய சின்ன மரத்தட்டு ஒன்று நிற்கும். மேலே கூரை, உள்ளே இரண்டு மூன்று மண்பானை, மூடிமேல் கவிழ்த்த குவளை. பர்மியர் இதை ‘யே சான் ஸின்’ என்பார்கள். குளிர்ந்த நீர் வைக்கும் மேடை. நம் தண்ணீர்ப் பந்தலுக்குச் சொந்தக்காரன்தான். ஆனால் பந்தல் கோடையோடும் திருவிழாவோடும் பிரிக்கப்பட்டுவிடும். இது வருஷம் முழுக்க நிற்கிறது.

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். குளிர்ச்சிக்கு மார்ச் முதல் மே வரை நல்ல மதிப்பெண், மழைக்காலத்தில் சுமார். சுத்தம் பானைக்குப் பானை மாறும். அது முழுக்க வைத்தவர் கையில். மரியாதைக்கு மட்டும் முழு மதிப்பெண். பர்மிய மொழியில் ‘ஆ நா தே’ என்று ஒரு சொல் இருக்கிறது. அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று மனசு கூசுவது. கதவைத் தட்டித் தண்ணீர் கேட்க இந்தக் கூச்சம் விடாது, நம்மவர்களுக்கும் அப்படித்தான். வெயிலில் மிதித்து வந்த சைக்கார்க்காரர் (சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்), சுமை தூக்குபவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாருமே வாய் திறந்து கேட்க வேண்டாம் என்று வைத்ததுதான் இந்தப் பானையின் பெரிய குணம்.

குளிர்ச்சி எப்படி வருகிறது? சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. 10 லிட்டர் பானையில் 100 மில்லி ஆவியானால், கணக்குப்படி மீதி நீர் 5 டிகிரி செல்சியஸுக்கும் மேல் குளிர வேண்டும். வெளிக்காற்றின் சூடு ஏறிக்கொண்டே இருப்பதால் நடைமுறையில் அதைவிடக் குறைவாகத்தான் இறங்கும். காற்று வறண்டிருந்தால் வேலை வேகம். அதனால்தான் ஒரே மாதிரிப் பானை மண்டலே வெயிலில் ஜில்லென்றும், ஜூலை மாத ரங்கூனில் வெறும் தண்ணியாகவும் இருக்கிறது. இது பானையின் குற்றமில்லை, காற்றின் ஈரம். மின்சாரம் அடிக்கடி போகிற இந்த வருஷங்களில் குளிர்பெட்டியை நம்ப முடிவதில்லை. பானைக்கு அந்தக் கவலை கிடையாது.

பானை வாங்க ஆற்றுக்கு அக்கரையிலுள்ள துவாந்தே பெயர் பெற்ற இடம். வாங்கும்போது விரலால் தட்டிப் பாருங்கள்; கணீரென்று வந்தால் விரிசல் இல்லை. பளபளவென்று மெருகு பூசியது வேண்டாம். பூச்சு துளைகளை அடைத்துவிடும், நீர் குளிராது. புதுப் பானையை ஒரு ராத்திரி முழுக்க நீரில் ஊற வைத்து, நிரப்பிக் கொட்டுவதை இரண்டு மூன்று தடவை செய்தால் மண்வாடை மட்டுப்படும். வைக்கும் இடம் நிழலும் காற்றோட்டமும் உள்ளதாக இருக்கட்டும். சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் ஆவியாகாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வெயில் படும் பக்கத்தில் பச்சைப் பாசி பிடிக்கும். அதைக் கண்டால் பானையை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவது நல்லது.

கழுவுவதில்தான் பெரும்பாலான பானைகள் தோற்கின்றன. நேற்றைய மிச்சத்தின்மேலேயே இன்றைக்கும் ஊற்றுவது முதல் தவறு. தினமும் காலையில் முழுக்கக் கொட்டி, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து, நல்ல நீரில் அலசி நிரப்ப வேண்டும். சோப்பு கூடவே கூடாது. அந்த வாடை துளைகளில் ஏறி நாள்கணக்கில் நிற்கும். வெளியே வெள்ளையாகப் படிவது நீரிலுள்ள உப்பும் சுண்ணாம்பும். அது தடித்தால் துளை அடைபட்டு, ‘பானை முன்ன மாதிரி குளிரலையே’ என்ற புகார் வரும். ஊற வைத்துத் தேய்த்தும் போகவில்லையென்றால் அந்தப் பானையைச் செடிக்குக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். இரண்டு பானை வைத்திருப்பது வசதி. ஒன்று வெயிலில் காயும்போது மற்றது வேலை செய்யும்.

பானை நீரைக் குளிர்விக்குமே தவிரச் சுத்தமாக்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரங்கூன் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றுவது தர்மமாகாது. தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்க விட்டு, ஆறிய பிறகு ஊற்றுங்கள். அடுப்புச் செலவு கட்டாதென்றால் வாசனை சேர்க்காத 5 முதல் 6 சதவீத பிளீச் திரவம், தெளிந்த நீர் லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி 30 நிமிஷம் வைக்க வேண்டும். இதைப் பானையில் செய்யாமல் தனிப் பாத்திரத்தில் செய்யுங்கள். மண்சுவர் குளோரினை உறிஞ்சி வீணாக்கிவிடும்.

நல்ல நீர் கெடுவது குவளையால். குடித்த குவளையையே மறுபடி உள்ளே முக்கினால் விரலும் எச்சிலும் சேர்ந்தே இறங்கும். நீண்ட கைப்பிடி அகப்பை ஒன்று, குடிக்கும் குவளை வேறொன்று என்று பிரித்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அடியில் குழாய் வைத்த பானை கிடைத்தால் இன்னும் மேல். உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிற நம் பழக்கம் இங்கே அருமையாக உதவுகிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். மூடி பொருந்தாத பானையில் கொசுப்புழு வரும். மூடிக்கு அடியில் மெல்லிய துணி கட்டினால் போதும்.

இப்போது பல வாசல்களில் பானைக்குப் பதில் 20 லிட்டர் ‘யே தான் பூ’, அதாவது சுத்திகரித்த நீர் பாட்டிலைக் கவிழ்த்து வைக்கிறார்கள். சுத்தத்தில் அது ஒரு படி மேல், குளிர்ச்சியில் இரண்டு படி கீழ். அந்தப் பாட்டில் நீரை வாங்கி, கழுவிய மண்பானையில் ஊற்றி வைப்பதே எங்கள் பரிந்துரை.

இனி எழுத்து. மேடையில் கொடுத்தவர் பெயரும் யார் நினைவாக என்பதும் தீட்டியிருக்கும். பெருமைக்கென்று நினைக்க வேண்டாம். பர்மிய வழக்கில் நல்லது செய்தவர் ‘அமியா’ என்று மூன்று முறை சொல்லிப் புண்ணியத்தைப் பங்கிடுவார், கேட்டவர்கள் ‘தாது’ என்று மூன்று முறை ஏற்பார்கள். நம் ‘சாது’தான் அது. அந்தப் பலகையும் அப்படியொரு பங்கீடு. ஆனால் பெயர் மட்டும் இருந்தால் புதிதாக வருபவருக்கு ‘இது நமக்கா, வீட்டுக்காரருக்கா’ என்ற தயக்கம் வரும். ‘குடிநீர்’ என்ற ஒற்றைச் சொல்லும் அந்தத் தயக்கத்தைத் தீர்க்காது. பர்மிய மொழியில் ‘யே தௌ பா’, கீழே தமிழில் ‘தண்ணி குடிச்சிட்டுப் போங்க’ என்று எழுதுங்கள். அனோரத்தா சாலைப் பக்கம், 1871-இல் எழுந்த காளி கோயிலைச் சுற்றி நடமாடுகிற நம்மவர் கண்ணில் அந்தத் தமிழ் வரி பட்டால் குரல் கேட்ட மாதிரி இருக்கும். ‘காலை நிரப்பியது’ என்று தேதியும் சேர்த்தால் நம்பிக் குடிப்பார்கள்.

‘குவளையை எடுக்காதே’ என்று எழுதுவது வந்தவர் எல்லாரையும் திருடராக்குகிறது. ‘அடுத்து வர்றவங்களுக்கும் வேணும், கவுத்து வச்சிடுங்க’ என்றால் அதே வேலை நடக்கும், முகமும் வாடாது.

வீட்டில் ஆள் இருக்கும்போது யாராவது குடித்துவிட்டு ‘ச்சேஸூ தின் பாதே’ என்று நன்றி சொன்னால் பேசாமல் இருக்க வேண்டாம். ‘யா பா தே’ என்றால் போதும், நம் ‘பரவாயில்லீங்க’ மாதிரி. பாட்டில் நிரப்ப வருபவரைப் பார்த்து முணுமுணுக்கிற வீடுகளும் உண்டு. பானை சீக்கிரம் காலியாகிறதென்றால் ஓரத்தில் இன்னொரு பானை வைத்து ‘பாட்டிலுக்கு இதில் பிடிங்க’ என்று எழுதிவிடுங்கள். சைக்கார்க்காரர் ஒரு லிட்டரோடு அடுத்த சவாரிக்குக் கிளம்பிவிடுவார்.