சணப்பை விதை 12 கிலோ: சேதுக்கரைப் பக்கத்தில் ஒரு முதல் பருவம்

சென்ற ஆவணியில் இராமநாதபுரத்து விதைக்கடை ஒன்றில் கிலோ 110 ரூபாய் வீதம் 12 கிலோ சணப்பை விதை வாங்கினேன். திருப்புல்லாணிக்கும் சேதுக்கரைக்கும் இடையே எங்களுக்கு இருக்கும் இரண்டரை ஏக்கரில் குண்டு மிளகாய், மானாவாரி நெல், பதினான்கு தென்னை, வரப்போரப் பனைகள், ஒன்பது ஆடுகள் என எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உண்டு. அப்பாவிடமிருந்து நிலத்தை வாங்கி நானே பார்க்கத் தொடங்கிய முதல் பருவம் அது. மிளகாய்க்கு முன் வளர்த்து, பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுது பசுந்தாள் உரமாக்குவதற்கென்று வாங்கிய அந்த விதை எப்படி, விற்ற கடை எப்படி, இந்தக் கடலோர மண்ணுக்கு அந்தப் பயிர் ஒத்துவருமா என்பதை வாங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பையில் சணப்பையின் ஆங்கிலப் பெயரான ‘சன் ஹெம்ப்’ என்று அச்சிட்டிருந்ததால் வீட்டில் ஒரு சிறு கலவரமே நடந்தது. சித்தப்பா மகன் அந்தப் பெயரைக் கைப்பேசியில் தேடிவிட்டு, “அண்ணே, கஞ்சாவையா விதைக்கப் போறீங்க?” என்றான். கஞ்சாச் செடியின் நார் வகையைத்தான் வெளிநாடுகளில் வெறுமனே ஹெம்ப் என்கிறார்கள். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி அரசு அனுமதி இல்லாமல் அதைப் பயிரிட முடியாது. உத்தரகாண்ட் 2018-இல் உரிமம் கொடுத்து அனுமதித்தது. சணப்பைக்கும் அதற்கும் நாருக்குப் பயன்படுவது தவிர வேறு உறவில்லை. குரோட்டலேரியா ஜன்சியா என்ற தாவரப் பெயர் கொண்ட இது அவரை, உளுந்து குடும்பத்தைச் சேர்ந்தது. சாக்குத் தைக்கும் சணலும் வேறு செடிதான்.

விதையின் தரத்தைச் சுமார் என்றுதான் சொல்ல வேண்டும். உண்மைநிலை விதைக்குரிய, அதாவது அரசுச் சான்று இல்லாமல் விற்பவரே தரத்தைச் சொல்லும் விதைக்குரிய, இளம்பச்சை அட்டையில் முளைப்புத்திறன் 80 சதவீதம் என்று போட்டிருந்தது. நூறு விதையை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து நான்காம் நாள் பிரித்துப் பார்த்தபோது முளைத்திருந்தவை 71. கடைக்காரரிடம் சொன்னதற்கு, வீட்டில் செய்யும் சோதனைக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் கிளம்பும்போது ஒரு கிலோவைக் கூடுதலாகக் கட்டிக் கொடுத்தார். ஹெக்டேருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு, 25 முதல் 35 கிலோ என்பது பரிந்துரை; நான் விதைத்த 80 சென்டுக்கு 13 கிலோ அடர்த்திதான் என்றாலும், முளைப்புக் குறைவையும் குருவி பொறுக்குவதையும் கணக்கில் எடுத்தால் அது வீணில்லை. வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, ஒரு நல்ல மழைக்கு மறுநாள் தூவினோம்.

மேட்டுப் பக்கத்து 50 சென்ட் மணல் கலந்த மண்ணில் பயிர் வளர்ந்த வேகம் எனக்கே நம்ப முடியாததாக இருந்தது. முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி வேரை உதறினேன். பக்கவேர்களில் கேழ்வரகு அளவில் முடிச்சுகள் ஒட்டியிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, வேர் முடிச்சு பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம். பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. கோரையைத் தவிர மற்றக் களைகளுக்கு அந்த நிழலில் இடமே கிடைக்கவில்லை.

கடலைப் பார்த்த பள்ளத்து 30 சென்டில் நிலைமை வேறு. கோடையில் வெள்ளையாக உப்புப் பூக்கும் திட்டுகளில் முளைத்தவை ஒரு சாண் உயரத்திலேயே நுனி கருகி நின்றுவிட்டன. மிஞ்சியவற்றை ஐப்பசி மழைத் தண்ணீர் மூன்று நாள் தேங்கி அழுகடித்தது. சணப்பைக்குத் தேங்கும் நீர் ஆகாது, உவரும் ஆகாது. இரண்டையும் தாங்கும் பசுந்தாள் பயிர் தக்கைப்பூண்டுதான், அது அதே கடையில் அடுத்த மூட்டையிலேயே இருந்தது. நிலம் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவருக்கும் வியாபாரம் நடந்திருக்கும், எனக்கும் நான்கு கிலோ விதை மிஞ்சியிருக்கும்.

கடை மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுவும் அல்ல. “அறுபது நாள் வரைக்கும் விடுங்க சார், தழை நிறையக் கிடைக்கும்” என்று சொல்லி அனுப்பினார்கள். மடக்கி உழ 45 முதல் 60 நாள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இது நார்ப்பயிர் என்பதால், பூ எடுக்கத் தொடங்கியதும் தண்டு நாளுக்கு நாள் முறுக்கேறுகிறது. 46-ஆம் நாள் வந்த ரொட்டவேட்டர், அதாவது சுழலும் கத்திகளால் உழும் வண்டி, மேட்டில் பாதியை, அதாவது 25 சென்டை, வெண்ணெயாக அரைத்துப் போட்டது. அதோடு வண்டி பழுதாகி நின்றது. பிறகு மழை, பிறகு ஊரெல்லாம் உழவு. மீதிப் பாதிக்கு வண்டி திரும்பி வந்தபோது 63 நாள் ஆகி, வயல் மஞ்சள் பூவாக நின்றது. இரண்டு சுற்று ஓட்டியதும் வண்டி திணறியது. ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். கத்திகளில் பச்சை நார் கயிறு திரித்தது போலச் சுற்றிக்கிடந்தது. “அண்ணே, இது நார் ஏறிருச்சு. இனி ஏரு ஓடாது, அறுவாதான்” என்றார். கறிக்கத்தியையும் கதிர் அரிவாளையும் வைத்து அரைமணி நேரம் அறுத்து எடுத்தோம். பிறகு நான்கு ஆள் வைத்துச் செடியை வெட்டிச் சாய்த்து, காயவிட்டுத்தான் உழ முடிந்தது. விதைக்குக் கொடுத்த பணத்தைவிட இந்தக் கூலி அதிகம்.

வித்தியாசத்தை மிளகாய் காட்டியது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே குண்டு மிளகாய், ஒரே நாற்றங்கால், ஒரே நாளில் நடவு. முதலில் மடக்கிய பாதியில் நாற்று வேர் பிடித்து, நாற்பது நாளுக்கு மேல் எந்த மேலுரமும் கேட்காமல் கரும்பச்சையாக நின்றது. மற்றப் பாதியில் மட்காத தண்டு மண்ணுக்குள் குச்சி குச்சியாகக் கிடந்தது; அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையும் இழுத்துக்கொண்டதால் நாற்று வெளிறியது. கறையான் வேறு. கடலைப் புண்ணாக்கு வாங்கிப் போட்டு ஒப்பேற்ற வேண்டியதாயிற்று.

வரப்போரம் இரண்டு வரிசையை விதைக்கென்று விட்டிருந்தேன். வெள்ளை இறக்கையில் சிவப்பும் கறுப்பும் புள்ளி வைத்த அந்துப்பூச்சி வந்து முட்டையிட, அதன் புழு காயைத் துளைத்துப் பாதி விதையைத் தின்றது. மிஞ்சிய காய்கள் காய்ந்து கிலுகிலுவென்று ஒலித்தன. விதை கால்நடைக்கு ஆகாது என்பதால் ஆட்டைக் கட்டியே வைக்க வேண்டும். பையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தத் தண்டுகளைப் பழைய சிமெண்டுத் தொட்டியில் ஆறு நாள் ஊறவைத்து நார் உரித்தோம். நாற்றத்தை நினைத்தால் இன்னும் குமட்டுகிறது. சேதுக்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெரியவர் ஒருவர் நாரைத் தொடையில் உருட்டிப் பார்த்து, நைலான் வருவதற்கு முன் தன் அப்பா இதே நூலில்தான் வலை பின்னினார் என்றார். அவர் திரித்துக் கொடுத்த கயிற்றில்தான் இப்போது கிடாய் கட்டியிருக்கிறது.

மேட்டு மணலுக்கு இந்த விதையைத் தயங்காமல் வாங்கலாம். முளைப்பை வீட்டில் பார்த்துவிட்டு அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். கடைக்கு ஐந்தில் இரண்டரைதான் கொடுப்பேன், அந்தக் கூடுதல் கிலோவையும் சேர்த்து. வரும் ஆவணிக்கு மேட்டுக்கு எட்டு கிலோ சணப்பையும் பள்ளத்துக்குத் தக்கைப்பூண்டும் சொல்லியிருக்கிறேன். ரொட்டவேட்டர்காரருக்கு முன்பணம் இப்போதே கொடுத்தாகிவிட்டது.